அத்தியாயம் 6: கந்தப்பளையில் ஒரு கூடார இரவு

கந்தப்பளையில் முதல் தடவை கூடாரம் போட்டுப் படுக்கிறவர்கள் அநேகமாக விடியப்புறம் 3 மணிக்கு எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள். முதுகுக்குக் கீழே இருந்து ஏறுகிற குளிர் அவர்களை எழுப்பிவிடும். மேலே மூன்று போர்வை போர்த்தியிருப்பார்கள்; கீழே ஒரேயொரு பெட்ஷீட்டை விரித்திருப்பார்கள். இந்த அத்தியாயத்தில் பாதி, அந்த 3 மணியைத் தூங்கியே கடப்பதற்கான ஆயத்தம். மீதிப் பாதி, யாரைக் கேட்டுக்கொண்டு எந்த இடத்தில் படுப்பது என்பது. கூடாரத்தின் விலையும் பெயரும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்த வீடு எங்களுடையது. மழையிலும் பனியிலும் மலையில் வேலை செய்து திரும்பியவர்கள் எப்படித் தங்களைச் சூடாக வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்த்துத்தான் குளிரைப் பற்றிக் கற்றுக்கொண்டேன். முகாம் போடுவதற்கென்று பிறகு படித்த எதுவும் அவர்கள் செய்ததற்கு மாறாக இருக்கவில்லை.

எந்த மாதம்

கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் 6.5 பாகை செல்சியஸ் அளவில் குறையும். அந்தக் கணக்கில் கொழும்பைவிட இங்கே ஏறத்தாழ 12 பாகை குறைவு. அது சராசரிக் கணக்குத்தான். தை, மாசியில் வானம் தெளிவாக இருக்கிற இரவுகளில் 5 பாகைக்குக் கீழேயும் இறங்கும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்வார்கள். இங்கே பள்ளங்களில் புல் வெள்ளையாக உறைந்து, தேயிலைக் கொழுந்து நெருப்பில் வாட்டியதுபோல் கருகிப்போகிற காலைகள் உண்டு.

இருந்தாலும் கூடாரத்துக்கு நான் சொல்லும் காலம் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரைதான். குளிரை உடுப்பால் சமாளிக்கலாம், தொடர் மழையைச் சமாளிக்க முடியாது. பீதுருதலாகலைக்குக் கிழக்கே இருப்பதால் கந்தப்பளைக்கு இரண்டு பருவப்பெயர்ச்சியும் எட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று தூறலோடு வீசிக்கொண்டிருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை. ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலக் கூட்டத்தால் நிரம்பிவிடும். பஸ்ஸிலும் இடமிருக்காது, பின்னேரத்து இடியும் தொடங்கிவிடும்.

மாசி மாதத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்போதுதான் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். கூடாரத்துக்குள் படுத்திருக்கும்போது தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டால், ஜேர்சியைப் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். நிற்கிறவர்களோடு நின்று, கொடுக்கிற தேத்தண்ணியை வாங்கிக் குடியுங்கள்.

யாரைக் கேட்பது

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் நானுஓயாவில் இறங்கி, பஸ்ஸில் நுவரெலியாவுக்கு வந்து, அங்கே ராகலைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் சின்ன ரயிலே ஓடியது. 1940களில் அது நின்றுபோனது. இன்றைக்கு பஸ்ஸின் ஜன்னலால் பார்த்தால் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குத் தோட்டங்கள். மேலே யூக்கலிப்டஸ் மரங்கள், அதற்கும் மேலே காடு. பார்க்கிறவர்களுக்கு எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் போலத் தோன்றும்.

எந்த இடமும் ஆளில்லாத காணி அல்ல. கோட்லொஜ், பார்க், எஸ்கடேல், கொங்கோடியா என்று நீங்கள் கடந்து போகிற தேயிலை மலைகள் எல்லாம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருப்பவை. 1970களில் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. தேயிலைக்குள்ளோ தோட்டத்துப் புல்வெளியிலோ தங்க வேண்டுமென்றால் தோட்டத்து ஒபிசில் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். கந்தப்பளை – சீத்தாஎலிய ஒதுக்கக் காட்டுக்குள் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. பீதுருதலாகலை உச்சி படையினரின் பாதுகாப்பு வலயம். அந்த எண்ணமே வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் கூடாரம் போட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வாசலில் பையைச் சோதித்து பொலித்தீனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: மரக்கறித் தோட்டக்காரர் ஒருவரின் சொந்தக் காணி, அல்லது கட்டணத்துக்குக் கூடாரம் போட விடுகிற இடம். இரண்டிலும் பக்கத்தில் ஒரு வீடு இருக்கும். இரவில் பிள்ளைக்கு வயிற்று வலி வந்தால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும்.

துரை அனுமதி தந்துவிட்டாலும் அத்தோடு முடியவில்லை. பக்கத்து லயத்துக்குப் போய், முதலில் காண்கிற பெரியவரிடமோ அக்காவிடமோ இன்ன இடத்தில் படுக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. அந்த மலையில் எந்த மரத்தில் குளவி கட்டியிருக்கிறது, எந்தக் கான் உடைந்திருக்கிறது, போன கிழமை எந்த லயத்து நாயைப் புலி தூக்கியது என்பதெல்லாம் ஒபிசில் தெரியாது. நாள்தோறும் அங்கே கொழுந்தெடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு 17 வயதில் இதைச் செய்யாமல் விட்டேன். சித்தப்பா மகன் இரண்டு பேரோடு, கடன் வாங்கிய கூடாரத்தை அடுத்த டிவிஷனில் ஒரு மட்டமான இடத்தில் போட்டோம். மட்டமான இடம் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். மேலே இருந்த கான் உடைந்து, மழை பெய்தால் தண்ணீர் அந்த மட்டத்துக்குத்தான் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. இரவு 2 மணிக்குத் தண்ணீர் பாய்க்கு மேலே வந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு பக்கத்து லயத்துக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்த பெரியம்மா முதலில் அடுப்பைப் பற்ற வைத்தார். பிறகுதான் கேட்டார்: "ஏன்டா தம்பிகளா, அந்தியில இந்தப் பக்கமாத்தானே போனீங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, அங்க தண்ணி எறங்கும்னு." அந்த அடுப்பங்கரையில்தான் விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு கேட்காமல் எங்கேயும் படுத்ததில்லை.

இடம் பார்ப்பது

பின்னேரம் 3 மணிக்கு முன்பே இடத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் 20 அடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இடத்தைச் சுற்றி நடந்து பார்க்க முடியாது.

பள்ளத்தின் அடியில் படுக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் விழுவதும் அங்கேதான். மலையின் உச்சியும் கூடாது, காற்றும் இடியும் அங்கே. இடைச்சரிவில், காற்றுக்கு ஒரு மறைப்போடு இருக்கும் சிறு மேடுதான் நல்ல இடம். தனியே நிற்கிற பெரிய மரத்தின் கீழ் வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும் ஆங்கிலேய அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் 1845இல் இறந்தது யானையால் அல்ல, அப்புத்தளையில் விழுந்த மின்னலால். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இந்த மலைகளில் இப்போது யானை இல்லை. மின்னல் அப்படியேதான் இருக்கிறது.

வெட்டிய மண்மேட்டுக்குக் கீழேயும், பழைய கல்கட்டுக்குக் கீழேயும், மரக்கறிப் பாத்திகளுக்காகக் கிளறிய செங்குத்துச் சரிவுக்குக் கீழேயும் கூடாரம் போடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரங்கள், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிவாக வந்த ஊற்றில் சேற்றுத் தண்ணீர், ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று வற்றுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மூட்டையைக் கட்டிவிடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தருவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அது ஊரில் வீடுவாசலோடு இருப்பவர்களுக்கான கணக்கு. கூடாரக்காரர்களுக்கு மஞ்சளே சிவப்பு. நுவரெலியா மாவட்டத்துக்கு மஞ்சள் வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். லீவு போட்டாயிற்றே, வேனுக்குக் காசு கட்டியாயிற்றே என்று வராதீர்கள்.

கூடாரமும் கானும்

கூடாரத்தில் ஒன்றைத்தான் கட்டாயம் பார்க்க வேண்டும்: மேல்விரிப்பு தரை வரைக்கும் இறங்குகிறதா? உச்சியில் தொப்பி மாதிரி மட்டும் மூடுகிற கூடாரங்கள் கடற்கரைக்குச் சரி. இங்கே மழை மேலிருந்து மட்டும் வராது, காற்றோடு பக்கத்தாலும் வரும். நீர் தாங்கும் அளவு 2,000 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அது அட்டையில் எழுதியிருக்கும். நாலு பேர் கூடாரம் என்று விற்பது நாலு பேர் நெருக்கிப் படுக்கிற கூடாரம். பைகளோடு படுக்க இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு பிள்ளைக்கும்தான் காணும்.

புறப்படுவதற்கு முன் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு தடவை கூடாரத்தைப் போட்டுப் பாருங்கள். வாளியால் தண்ணீர் ஊற்றி, தையல் எங்கே கசிகிறது என்றும் பாருங்கள். கம்பி ஒன்று குறைகிறது என்பது கந்தப்பளையில் அந்தி இருட்டில் தெரிய வரக் கூடாது.

நனைந்த மலைமண்ணில் கூடாரத்தோடு வருகிற ஊசிபோன்ற ஆணிகள் நிற்காது. ஒரு அடி நீளமான ஆணி எட்டுப் பத்து வாங்கிக்கொள்ளுங்கள். கயிற்றைத் தேயிலைச் செடியில் கட்டாதீர்கள். காற்றில் இழுபட்டு வாது முறியும். அது ஒருவருடைய உழைப்பு. அடியில் விரிக்கிற படங்கு கூடாரத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை ஏந்தி உள்ளே தள்ளிவிடும்.

மழை வந்தால் சுற்றி ஒரு கான் வெட்டலாமா என்று கேட்பார்கள். பழைய சாரணர் பாசறைகளில் அது வழக்கம்தான். 1912இல் மாத்தளையில் சாரணர் இயக்கம் தொடங்கிய காலம் முதல் பல தலைமுறைப் பிள்ளைகள் அப்படித்தான் கற்றார்கள். இன்றைக்கு நான் வேண்டாம் என்பேன். இந்தச் சரிவுகளில் ஒரு சாண் கான் அடுத்த மழையில் ஒரு முழம் ஓடையாகிவிடும். நல்ல மேடாகப் பார்த்துப் போட்டால் கானுக்கு வேலையே இல்லை.

குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் துவாரங்களை அடைப்பது எல்லாரும் செய்கிற பிழை. நாலு பேரின் மூச்சுக்காற்று உள்ளே நீராகப் படிந்து, விடிய முன் சொட்டத் தொடங்கும். பிறகு கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். துவாரம் திறந்தே இருக்கட்டும்.

குளிர்

கீழே விரிப்பதுதான் முதல் காரியம். உடம்பின் பாரத்தால் போர்வையோ ஸ்லீப்பிங் பேக்கோ அடியில் நசுங்கிவிடும். நசுங்கியது சூட்டைப் பிடிக்காது. ஆகவே தரைக்கும் உங்களுக்கும் நடுவில் நசுங்காத ஒன்று வேண்டும். முகாமுக்கென்று விற்கிற நுரைப்பாய் இருந்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் எங்கள் ஆட்களின் முறை: முதலில் உரச் சாக்கு, அதன்மேல் பிரித்து விரித்த அட்டைப் பெட்டி இரண்டு அடுக்கு, அதன்மேல் பன்பாய், அதன்மேல் கம்பளி. காற்றடைத்த மெத்தை மிருதுவாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற காற்றும் குளிர்ந்து உங்களைக் குளிர வைக்கும். அதை விரித்தாலும் மேலே ஒரு கம்பளி போடுங்கள்.

கம்பளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் ஒரு காலத்தில் எல்லார் தோளிலும் தலையிலும் இருந்தது கறுப்புக் கம்பளி. கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அடைமழையில் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தார்கள். ஆட்டு மயிர்க் கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தரும். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். ஜீன்ஸும் பருத்தி டீசேர்ட்டும் போட்டுக்கொண்டு மலைக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. உள்ளே வியர்வை உலரக்கூடிய ஒன்று, நடுவில் கம்பளி ஜேர்சி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நடக்கும்போது வியர்த்தால் உடனே ஒன்றைக் கழற்றுங்கள்.

படுக்கைக்கென்று ஒரு சோடி உலர்ந்த உடுப்பும் ஒரு சோடி கம்பளி மேஸும் பொலித்தீனில் கட்டித் தனியே வைத்திருக்க வேண்டும். என்ன நடந்தாலும் அதைப் பகலில் எடுக்கக் கூடாது. மங்கித் தொப்பி போட்டுக்கொண்டு படுக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கொதித்த தண்ணீரைக் கசியாத போத்தலில் நிரப்பி, துணியால் சுற்றிக் காலடியில் வைத்தால் நடுச்சாமம் வரை காணும். படுக்கப் போகுமுன் ஏதாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு படுத்தால் உடம்பு சூடேறாது. ஒன்றுக்குப் போக வேண்டும் போலிருந்தால் அடக்கிக்கொண்டு கிடக்காமல் எழும்பிப் போய்விட்டு வாருங்கள், அப்புறம்தான் தூக்கம் வரும். ஸ்லீப்பிங் பேக் வாங்குவதானால் அதில் குறித்திருக்கும் இதமான வெப்பநிலை 5 பாகையோ அதற்குக் கீழேயோ என்று பாருங்கள். அதற்குப் பக்கத்தில் உயிர் தப்பும் அளவு என்று இன்னும் குறைந்த ஓர் எண் இருக்கும். அதை நம்பி வாங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரிச்சட்டியையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்துபோன கரி என்று நினைத்தும் கொண்டுபோகாதீர்கள். கணகணவென்று கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழும்பாத செய்தி நுவரெலியாவிலிருந்தே வந்திருக்கிறது. கூடாரம் அறையைவிடச் சிறியது.

அடுப்பும் தண்ணீரும்

இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நேரமாகும், கேஸும் கூடுதலாகச் செலவாகும். பருப்பை வீட்டிலிருந்தே ஊறப் போட்டுக் கொண்டுவாருங்கள். நான் கொண்டுபோவது சுலபமானது: கோதுமை மா, தேங்காய், பச்சை மிளகாய். கற்களுக்கு மேல் தகரத்தை வைத்து ரொட்டி சுட்டு, கட்டச்சம்பலோடு சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் சுமந்துகொண்டு வரத் தேவையில்லை. தோட்டக்காரரிடமே காலையில் பிடுங்கியதை வாங்கலாம். அவருக்கும் நல்ல விலை, உங்களுக்கும் நல்ல மரக்கறி. காலைக்குப் பாணும் பழமும், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும்.

சிறிய உருளையில் வருகிற பியூட்டேன் கேஸ் குளிரில் சோம்பிப் போகும். பியூட்டேன் வாயுவாவதற்கே பூச்சியப் பாகை அளவு வெப்பமாவது வேண்டும். ஆகையால் காலையில் அடுப்பு மினுக்கிக்கொண்டு மட்டும் நிற்கும். இரவில் கேஸ் உருளையைப் போர்வைக்குள் காலடியில் வைத்துக்கொண்டு படுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதை நெருப்பருகில் வைத்துச் சூடாக்கப் பார்க்காதீர்கள், வெடிக்கும்.

விறகுக்காக ஒரு வாதும் வெட்டக் கூடாது. லயத்தில் கேட்டால் ஒரு கட்டு மிலாறு விலைக்குத் தருவார்கள். கவ்வாத்து வெட்டின தேயிலை வாது அது, நின்று எரியும். பெப்ரவரி, மார்ச்சில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், மலை முழுக்க எரிந்துவிடும். காற்றுள்ள நாளில் நெருப்பே வேண்டாம். மூட்டினால் மண் தெரிகிற இடத்தில், கல் சுற்றி வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு மூட்டுங்கள். அணைத்த பிறகு சாம்பலுக்குள் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை சுட்டால் இன்னும் அணையவில்லை.

தண்ணீரைப் பற்றிய பெரிய ஏமாற்றம் அது தெளிவாக இருப்பது. கந்தப்பளையின் மரக்கறிப் பாத்திகளுக்கு நிறைய மருந்தடிக்கிறார்கள். மழையோடு அது ஓடைக்கு வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து சாகாது. ஆகவே பாத்திகளுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். லயத்து ஆட்கள் எந்தப் பீலியில் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கேட்டு, அங்கே பிடித்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பீலிக்கரையில் காலையும் அந்தியும் பெண்கள் குளிப்பார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் கூட்டமாகப் போய் நிற்கக் கூடாது.

மலசலகூடம் இல்லாத இடமென்றால், தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீற்றர் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி தோண்டி, மண்ணால் மூடுங்கள். பிள்ளைகளின் நப்கினையும் பெண்களின் பேட்டையும் புதைக்கக் கூடாது. பையில் கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

குளவி, புலி, அட்டை

வெளியூரார் சிறுத்தைக்குப் பயப்படுகிறார்கள். மலையகத்து மக்கள் குளவிக்குப் பயப்படுகிறார்கள். மக்களின் கணக்குத்தான் சரி. மரத்திலும் தேயிலைச் செடிக்குள்ளும் கட்டியிருக்கிற கூடு கலைந்து, குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன தொழிலாளர்களின் செய்தி வராத மாதமில்லை. உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைக்கு மேலே பாருங்கள், செடிகளுக்குள் பாருங்கள், லயத்தில் கேளுங்கள். கூடுள்ள மரத்துக்குக் கீழே புகை போட்டால் அவை கலைந்து வரும். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், கம்பளியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, நிற்காமல் தூரமாக ஓடுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலும், மூச்சு இழுத்தாலும், உதடு வீங்கினாலும் கைமருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு.

எங்கள் ஆட்கள் புலி என்று சொல்வது சிறுத்தையை. அது காட்டோரத் தேயிலைக்குள் இரவில் நடமாடும். லயத்து நாயைத் தூக்கும். கூட்டமாக இருக்கும் மனிதர்களை விட்டு விலகியே போகும். நாயைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். பிள்ளைகளை இருட்டில் தனியாக விடாதீர்கள். இருட்டிய பிறகு பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு சுருக்கில் அகப்பட்டு அரிய கருஞ்சிறுத்தை ஒன்று செத்துப்போனது. சுருக்கைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

மழை பெய்தால் புல்லில் அட்டை இருக்கும். மேஸுக்குள் காற்சட்டையைச் செருகி, சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். ஏறிவிட்டால் நகத்தால் தள்ளிவிட்டுக் கழுவுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயமில்லை.

டோர்ச் ஆளுக்கு ஒன்று, நெற்றியில் கட்டுவதாக இருந்தால் நல்லது. பற்றரியும் போனும் குளிரில் சீக்கிரம் இறங்கும், போர்வைக்குள் வையுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. மலையின் சில மடிப்புகளில் சிக்னல் இருக்காது. எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். வழக்கமாகக் குடிக்கிற மருந்தை இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள்.

காலை

எல்லாம் சரியாக அமைந்தால் விடிய 6 மணிக்கு முன்பே தானாக விழிப்பு வரும். கூடாரத்தின் வாயைத் திறந்தால் கீழே பள்ளமெல்லாம் வெள்ளைப் பனிமூட்டம், மேலே தேயிலை மட்டும் தெளிவாக. லயத்துக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழும்பும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் கூடையோடு ஆட்கள் மலைக்கு வரத் தொடங்குவார்கள். அவர்கள் வேலைக்கு வருகிறார்கள். கேட்காமல் படமெடுக்காதீர்கள். நடைபாதையில் உங்கள் சாமான் கிடந்தால் எடுத்து வழி விடுங்கள். இரவில் பாட்டைச் சத்தமாகப் போட்டிருந்தால் அவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தை வெயிலில் உலர்த்தி மடியுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்து அடுத்த தடவைக்கு உதவாது. சொப்பிங் பேக், டின், சிகரட் அடி, முட்டைக் கோது எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டி, நுவரெலியா வரை உங்கள் பையிலேயே கொண்டுபோங்கள். தோட்டத்தில் எறிந்தால் அதை அள்ளுவதற்கு ஆளில்லை, அடுத்த மழையில் கானில் போய் அடைக்கும். மிஞ்சிய அரிசி, மா, கேஸ் இருந்தால் லயத்தில் கொடுங்கள். முதலாளி கொடுப்பதுபோல் அல்ல, விருந்துக்கு வந்தவர் கொடுப்பதுபோல்.

புறப்படும்போது, முதல் நாள் சொல்லிவிட்டு வந்த அதே வாசலுக்குப் போய் "போயிட்டு வாறோம்" என்று சொல்லுங்கள். இரவு மழை தூறியபோது உங்கள் கூடாரத்துப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் இருப்பார்கள்.